ஒரே மரத்தில் இரண்டு உயிர்கள்: லைக்கனையும் அணிலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையின் தண்டில், யாரோ சுண்ணாம்பைக் கையில் தொட்டு அப்பியதுபோல, சாம்பல் வெள்ளையில் திட்டுத் திட்டாக ஏதோ படர்ந்திருக்கிறது. அதே தண்டில் ஓர் அணில் காலையிலிருந்து மாலைவரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அணிலைப் பார்க்கிறார்கள். திட்டுகளை எவரும் பார்ப்பதில்லை, தப்பித்தவறிப் பார்த்தவர்களும் "மரத்துக்கு நோய் பிடித்துவிட்டதே, மருந்து அடிக்கவில்லையா?" என்று கேட்டவர்கள்தாம்.

அது நோய் இல்லை. லைக்கன் என்ற உயிர். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அதுவும் லைக்கன்தான். பெயரில் பாசி இருந்தாலும் அது வெறும் பாசி அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உடல்.

பள்ளியில் 'வேறுபாடுகளை எழுதுக' என்று கேட்டால் தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் "அணில் ஓடும்", அந்தப் பக்கம் "லைக்கன் ஓடாது" என்று எழுதுவோம். நானும் முதலில் அப்படித்தான் ஒரு பட்டியல் போட்டேன். பதினைந்து வரி எழுதிய பிறகும் எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. பிறகு முறையை மாற்றினேன்: ஒரே மரம், ஒரே நாள், இரண்டு உயிரிடமும் ஒரே கேள்வி. ஒன்று சட்டென்று பதில் சொல்லி, மற்றொன்றிடம் அந்தக் கேள்வியே உடைந்துபோகிறது என்றால், அங்கேதான் உட்கார வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த முறையைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று வார விடுமுறைக் காலைகள் போதும். ஒரு படிக்கு மட்டும் முழு நாளும், இன்னொன்றுக்கு ஓராண்டுக் காத்திருப்பும் வேண்டும்.

படி 1: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

தென்னை, மா, வேம்பு எதுவானாலும் சரி. பட்டை உரிந்துகொண்டே இருக்கும் கொய்யா வேண்டாம். பட்டை நிலைக்காத இடத்தில் லைக்கனும் நிலைக்காது. சுண்ணாம்பும் காவியும் அடித்த சாலையோர மரத்தையும் விட்டுவிடுங்கள். திட்டுகள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அணில் அந்த மரத்தில் கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை, அதன் வழித்தடத்தில் மரம் இருந்தால் போதும். தண்டைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் திட்டு அதிகம் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மழைநீர் வழியும் தடம், வெயில் படும் நேரம் இரண்டும் பின்னால் தேவைப்படும்.

படி 2: எடுத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், அழியாத மைப்பேனா, அளவுகோல், கடிகாரம், நோட்டுப் புத்தகம். அணிலைப் பிடிக்கப் பெட்டியோ கூண்டோ வேண்டாம். அது காட்டுயிர், கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியது நீங்கள்தான்.

படி 3: யார் யார் என்று உறுதி செய்யுங்கள்

அணில் எளிது. தமிழ்நாட்டு ஊர்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதுகில் மூன்று வெளிர்கோடு உள்ள அணில். 1766-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டிய இனம் இது. 'பால்மாரம்' என்று முடியும் அந்தப் பெயரிலேயே பனை இருக்கிறது. வட இந்தியாவில் பரவலாக உள்ளது ஐந்து கோட்டு அணில். இராமர் மூன்று விரலால் தடவிய கதை கோட்டைக் கணக்கிட நல்ல நினைவுக்குறி. நம் மொழி தென்னம்பிள்ளை, கீரிப்பிள்ளை என்பதுபோல இதையும் அணிற்பிள்ளை என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. லைக்கனுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. வீட்டில் வழங்கும் பெயரும் மசாலா டப்பாவோடு நின்றுவிட்டது.

லைக்கனை உறுதி செய்யப் புட்டியை எடுங்கள். காலை வேளையில் திட்டின் மேல் இரண்டு முறை தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். வெறும் பட்டை கறுக்கும். சுண்ணாம்பு சுண்ணாம்பாகவே இருக்கும். லைக்கனானால் சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து பச்சை தலைகாட்டும், ஏனென்றால் நனைந்ததும் மேல்தோல் கண்ணாடிபோல ஆகி உள்ளே உள்ள பாசி தெரிகிறது. இந்தச் சோதனையை எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுத்ததில்லை. இன்னும் சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தில் நகத்தால் மிக மெல்லக் கீறிப் பாருங்கள்: பச்சை அல்லது காவி ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். ஆரஞ்சாக இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் டிரென்டிபோலியா என்ற பாசி. பச்சைப் பாசி இனம்தான், நிறம் மட்டும் ஆரஞ்சு.

சமவெளியில் நீங்கள் காண்பவை அனேகமாகத் தோல்போலப் பட்டையோடு ஒட்டிய வகை. சிலவற்றின் மேல், பேனாவால் கிறுக்கியதுபோலக் கறுப்புக் கோடுகள் இருக்கும். கிராஃபிஸ் என்ற பேரினமும் அதன் உறவுகளும் இப்படி 'எழுதும்'. அந்த எழுத்துகள் பூஞ்சையின் வித்துகள் உண்டாகும் இடங்கள். கொடைக்கானலுக்கோ உதகைக்கோ போனால் இலைபோல விரியும் வகையும் கிளையிலிருந்து தாடியாகத் தொங்கும் வகையும் கிடைக்கும்.

மரத்துக்கு இவற்றால் தீங்கு உண்டா? இல்லை. லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்திலிருந்து அது உண்பதில்லை, நிற்க ஓர் இடம்தான் கேட்கிறது. இளநீர்க் குரும்பையையும் மாம்பழத்தையும் கடித்துப் போடுவது நாம் 'பிள்ளை' என்று கொஞ்சுகிறோமே, அவர்தான்.

படி 4: "இங்கே எத்தனை இருக்கின்றன?" என்று கேளுங்கள்

அணில்களை எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, அதோ ஓட்டின் மேல் மூன்றாவது. முடிந்தது.

இப்போது லைக்கனை எண்ணுங்கள். இரண்டு திட்டுகள் வளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒன்றா இரண்டா? நடுவில் பட்டை உதிர்ந்து வளையமாகிவிட்டால்? கைக்கண்ணாடியால் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துத் திட்டுகளுக்கு நடுவே கறுப்பாக எல்லைக்கோடு தெரியும். அது பல நேரம் உதவும். ஆனால் சிக்கல் எல்லையில் மட்டும் இல்லை. ஒரு திட்டுக்குள்ளேயே குறைந்தது இரண்டு உயிர்கள் இருக்கின்றன: உடலைக் கட்டும் பூஞ்சை, அதற்குள் இருந்து ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி அல்லது சயனோபாக்டீரியா.

இதை 1867-இல் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டெனர் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்களே அவரை எள்ளினார்கள். பூஞ்சை எசமானன், பாசிகள் சிறைப்பட்ட அடிமைகள் என்ற அவருடைய உவமையும் அவர்களை எரிச்சலூட்டியது. அவர் சொன்ன 'இருவர்' கணக்கு நின்றது. உவமை இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. 2016-இல் டோபி ஸ்பிரிபில்லியும் சக ஆய்வாளர்களும், பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் வாழ்கிறது என்று காட்டினார்கள்.

அப்படியானால் பெயர் யாருக்கு? விதிப்படி, லைக்கனுக்கு நாம் சொல்லும் அறிவியல் பெயர் அதன் பூஞ்சைக்கு உரியது. பாசிக்குத் தனிப் பெயர். குடும்ப அட்டையில் ஒருவர் பெயரும் சமையலறையில் இன்னொருவர் உழைப்பும் போல.

உடனே அணிலிடம் திரும்புங்கள். அதன் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, பிறகு அது மட்டும் எப்படி 'ஒன்று'? வாதத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இதை அதிக தூரம் இழுக்க மாட்டேன். குடல் நுண்ணுயிர்கள் இல்லாவிட்டாலும் அணிலின் உடல் அணில் வடிவில்தான் வளரும். பாசி இல்லாமல் வளர்க்கப்படும் லைக்கன் பூஞ்சையோ ஆய்வகத் தட்டில் வடிவமற்ற ஒரு சிறு கட்டியாகத்தான் கிடக்கிறது. இலைபோன்ற அந்த உருவம் இருவரும் சேர்ந்தால் மட்டுமே வருகிறது. நோட்டில் இந்த வரியைக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

படி 5: உறவு பாருங்கள்

மரம், லைக்கனின் பூஞ்சை, அணில். இந்த மூவரில் நெருங்கிய சொந்தம் யார் யார்? கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மரத்தையும் பூஞ்சையையும் காட்டுவார்கள். விடை, பூஞ்சையும் அணிலும். பரிணாம மரத்தில் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்குப் பக்கத்துக் கிளை. நம் கல்லீரலில் சேமிக்கும் கிளைகோஜனைப் பூஞ்சைகளும் சேமிக்கின்றன. தாவரங்களைப்போல மாவுச்சத்தை அல்ல. பூஞ்சை, அணில் இரண்டுமே தமக்கு வேண்டிய சர்க்கரையை ஒளியிலிருந்து தாமே தயாரிக்க இயலாதவை. அணில் அதைத் தேடி ஓடுகிறது. பூஞ்சை அதைத் தயாரிக்கத் தெரிந்தவரை வீட்டோடு வைத்துக்கொண்டது.

படி 6: தண்ணீரும் சூடும்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மற்றப் படிகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

முதல் வேலை சமையலறையில். மளிகைக் கடைக் கல்பாசியில் ஐந்து கிராம் எடுத்து நிறுத்துக்கொள்ளுங்கள். கடையில் வருவது பெரும்பாலும் பல இனங்களின் கலவை, பரவாயில்லை. பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி எடுத்து மறுபடி நிறுங்கள். தன் எடைக்கு மேலேயே அது தண்ணீரைக் குடித்திருக்கும். கவனியுங்கள்: மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த அது உயிரோடு இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. லைக்கன் தண்ணீர் எடுப்பது கடற்பஞ்சு எடுப்பதுபோல. அதற்கு வேரோ, குழாயோ, மூடித் திறக்கும் துளையோ இல்லை. மழை, பனி, மூடுபனி எது வந்தாலும் உடல் முழுவதாலும் உறிஞ்சும். பச்சைப் பாசி உள்ள பல லைக்கன்கள் ஈரக்காற்றை மட்டும் கொண்டே விழித்துக்கொள்ளும். சயனோபாக்டீரியா உள்ளவற்றுக்குச் சொட்டுநீர் வேண்டும்.

உறிஞ்சியதைக் காக்கவும் அதற்கு வழியில்லை. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். காய்ந்தால் ஒளிச்சேர்க்கை இல்லை, மூச்சு இல்லை, ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் சாகவும் இல்லை. 2005-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு வகை லைக்கன்களை ஃபோட்டான் எம்2 விண்கலத்தில் ஏற்றி, சுமார் இரண்டு வாரம் வெட்டவெளி விண்வெளியில் திறந்து வைத்தது. திரும்பி வந்து நனைத்ததும் அவை ஒளிச்சேர்க்கையைத் தொடங்கின.

இரண்டாவது வேலை மரத்தடியில். காலை ஆறு மணி, பத்து மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஐந்தரை ஆகிய நான்கு வேளையும் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் திட்டின் நிறத்தையும் அணில் செய்வதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். காலை ஆறுக்குத் திட்டு லேசாகப் பச்சை, தொட்டால் மெத்து. அணில் அப்போதுதான் கூட்டிலிருந்து தலை நீட்டும். பத்துக்குத் திட்டு சாம்பலாகி மொறமொறக்கும், கடையைச் சாத்தியாயிற்று. அணிலுக்கு அதுதான் உச்ச வேலை நேரம். பிற்பகல் இரண்டுக்கு வெயிலில் தண்டைத் தொட்டால் கை சுடும். திட்டு அதே இடத்தில், அதே நிறத்தில். அணில் நிழலான கிளையில் நான்கு காலையும் பரப்பி வயிற்றைப் பட்டையோடு ஒட்டிப் படுத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: உடல் சூட்டை இறக்குவதற்கான படுக்கை அது. அணில் தன் உடலை இரவும் பகலும் 37-லிருந்து 40 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருந்தாக வேண்டும். லைக்கன் எந்த அளவையும் காப்பதில்லை. காற்றின் சூடுதான் அதன் சூடு.

அந்தப் பிற்பகல் வேளையில் மட்டும் திட்டின் மேல் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். காய்ந்த லைக்கன் தாங்கும் வெப்பத்தை நனைந்த லைக்கன் தாங்காது. நம் நல்ல எண்ணம் அதை வேக வைப்பதாக முடியும்.

மூன்றாவது வேலை ஒரு சிறு கணக்கு. பாலூட்டிகளின் ஓய்வுநிலைச் செலவைக் கணிக்க மேக்ஸ் கிளைபர் 1932-இல் தந்த விதியின் இன்றைய வடிவம்: எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்குங்கள். ஒரு நாளுக்கான கிலோ கலோரி வரும். 100 கிராம் அணிலுக்கு ஏறக்குறைய 12. நான்கைந்து நிலக்கடலைப் பருப்பில் இருக்கும் ஆற்றல் அது, சும்மா படுத்திருப்பதற்கு மட்டும். ஓட்டம், சண்டை, குட்டிக்குப் பால் எல்லாம் தனிச் செலவு. 60 கிலோ மனிதருக்குச் சுமார் 1,500 வரும். ஒரு கிலோ உடலுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: நம்மைவிட அணிலுக்கு ஐந்து மடங்கு செலவு. அணில் ஏன் ஓயாமல் கொறிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. லைக்கனின் பகல்நேரச் செலவு, காய்ந்திருக்கும்வரை, ஏறத்தாழப் பூச்சியம்.

பூச்சியச் செலவு என்றதும் பொறாமைப்பட வேண்டாம். வரவும் அப்போது இல்லை. அதோடு வெதுவெதுப்பான ஈர இரவுகளில் லைக்கன் விழித்திருந்து மூச்சு விடும், சூரியன் இல்லாததால் சம்பாதிக்காது. பகலில் சேர்த்ததை இரவில் கரைக்கும். சூடான தாழ்நிலங்களில் பெரிய லைக்கன்கள் குறைவாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. உதகையில் தாடியும் சென்னையில் வெறும் திட்டும் ஏன் என்று கேட்டால், இரவுக் குளிரையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 7: நேரத்தை அளவிடுங்கள்

பிளாஸ்டிக் தாளைத் திட்டின் மேல் வைத்து அதன் ஓரத்தை வரையுங்கள். தேதி போடுங்கள். பட்டையில் இரண்டு இயற்கை அடையாளங்களையும் (ஒரு வெடிப்பு, ஒரு முடிச்சு) சேர்த்து வரைந்தால்தான் அடுத்த முறை தாளைச் சரியாகப் பொருத்த முடியும். நான் முதல் ஆண்டு இதைச் செய்யாமல் விட்டு, அளந்தது வளர்ச்சியையா என் கை நடுக்கத்தையா என்று தெரியாமல் விழித்தேன். ஓராண்டுக்குப் பிறகு மறுபடி வரையுங்கள். வகையைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் மாறும் என்றாலும், ஒட்டுத்தோல் வகைகள் பலவற்றின் ஓரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரும் நகராது. மலைப்பாறைகளில் வளரும் ரைசோகார்பான் ஜியோகிராஃபிகம் என்ற லைக்கன் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சீராக வளர்வதால், 1950-இல் தாவரவியலாளர் ரோலண்ட் பெஷெல் அதன் விட்டத்தை வைத்தே பனியாறு எப்போது பாறையைவிட்டு விலகியது என்று கணிக்கும் முறையைத் தந்தார்.

அணிலுக்குத் தாள் உதவாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் அது என்ன செய்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள்: ஓட்டம், கொறிப்பு, கத்தல், சொறிதல், காணோம். பத்து நிமிடத்தில் இருபது சொல். 'காணோம்' அதிகமாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். அணில் தலைகீழாக இறங்கும்போது பின்னங்காலைப் பாருங்கள். கணுக்கால் திரும்பி, பாதம் பின்னோக்கி, நகம் பட்டையில் மாட்டியிருக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும், ஆகவே தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் அணிலின் பல் வளரும் அளவுக்கு அந்தத் திட்டு ஓராண்டிலும் வளராது.

படி 8: சந்ததி

அணிலுக்குக் கருக்காலம் 34 நாள் அளவில். ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள். புல், தேங்காய் நார், கிழிந்த துணி எல்லாம் கூட்டுக்குப் போகும். (கொடியில் காயும் பழைய வேட்டியின் விளிம்பைச் சந்தேகத்தோடு பாருங்கள்.)

லைக்கனுக்கு இரண்டு வழி. பூஞ்சை வித்தைத் தனியாகக் காற்றில் விடலாம், ஆனால் அது விழுந்த இடத்தில் பொருத்தமான பாசியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால், பூஞ்சை இழையில் பாசிச் செல்களைச் சுற்றிப் பொடிப்பொட்டலமாக உதிர்த்துவிடலாம், குடித்தனத்தையே தூக்கிக்கொண்டு போவதுபோல. திட்டின் மேல் மாவு தூவியதுபோல இருந்தால் அந்தப் பொட்டலங்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 9: பெருஞ்சாலைக்குப் போங்கள்

இதே ஒப்பீட்டை வாகன நெரிசல் உள்ள சாலையோர மரத்தில் ஒருமுறை செய்யுங்கள். அணில் இருக்கும், டீக்கடை ரொட்டித் துண்டோடு கொழுத்தே இருக்கும். தண்டில் திட்டுகள் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 1866-இல் பாரிசின் லக்சம்பர்க் பூங்காவைக் கவனித்த பின்லாந்து லைக்கன் அறிஞர் வில்லியம் நைலாண்டர், நகரின் மற்ற இடங்களில் காணாமற்போன லைக்கன்கள் அங்கே இருப்பதைக் கண்டு, காற்றின் தூய்மையை அளக்க இவை உதவும் என்று எழுதினார். (ஷ்வெண்டெனரின் இருவர் கணக்கைக் கடைசிவரை ஏற்காதவரும் இவரே. கண் கூர்மையும் பிடிவாதமும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும்.) காரணம் படி 6-இல் பார்த்ததுதான். தோலால் எல்லாவற்றையும் உறிஞ்சும் உடல், நல்ல தண்ணீரோடு கந்தக டை ஆக்சைடையும் உறிஞ்சும். கழித்து வெளியேற்றச் சிறுநீரகம் அதற்கு இல்லை. அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். சாலையோரத்தில் வெயில், வறட்சி, வெள்ளையடிப்பு எல்லாமே திட்டுகளைக் குறைக்கும். அதே வயது, அதே இன மரங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 10: இரண்டும் சந்திக்கும் இடம்

நம் ஊர் அணில் லைக்கன் மேல் ஓடுகிறது, அவ்வளவுதான். வட அமெரிக்காவின் மேற்கு மலைக்காடுகளில் கதை வேறு. அங்கே வடக்குப் பறக்கும் அணில் என்ற இரவாடி உண்டு. பெயர் பறப்பது என்றாலும் உடலோரத் தோலை விரித்துச் சறுக்குவதுதான். பனிக்காலத்தில் அது தின்பதும் கூட்டுக்குள் பரப்பிக்கொள்வதும் ஊசியிலை மரங்களில் பழுப்பு முடியாகத் தொங்கும் பிரையோரியா லைக்கன்கள். ஒரே பொருள் மெத்தையும் சோறுமாக இருப்பதால், பனி பெய்யும் இரவில் படுத்த படுக்கையிலிருந்தே கொறிக்கலாம்.

மேலே சொன்ன 2016 ஆய்வு தொடங்கியதும் இதே பிரையோரியாவில்தான். அதில் இரண்டு வகை: ஒன்று பழுப்பு, அந்நாட்டுப் பூர்வகுடிகள் குழியில் வேகவைத்து உண்டது. இன்னொன்று மஞ்சள், வல்பினிக் அமிலம் மிகுந்த நஞ்சு. இரண்டிலும் பூஞ்சையும் பாசியும் ஒன்றே என்று மரபணு சொன்னது. மஞ்சளில் மிகுந்திருந்தது அந்த மூன்றாவது ஈஸ்ட். நான்காவது படியில் நாம் எண்ணத் திணறிய அந்தக் கேள்வி அந்தக் காட்டில் பசியோடு திரிகிறவர்களுக்குத் தின்னலாமா கூடாதா என்ற கேள்வியாக நிற்கிறது.

நோட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, அதே மரத்தடியில், அதே நான்கு வேளையும் மீண்டும் நிற்க வேண்டும். அன்று பத்து மணிக்குத் திட்டு இன்னும் பச்சையாக இருக்கும். நனைந்த அணில் ஓட்டுக்கடியில் உட்கார்ந்து வாலைக் கோதிக்கொண்டிருக்கும்.